பலகை இல்லாத அறை

புது பிளெக்ஸ் பேனரை வெயிலில் விரித்தால் ஒரு வாசனை வரும். ரப்பர் செருப்புக் கடையும் பெயின்ட் கடையும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் எப்படியிருக்குமோ அப்படி. மற்றவர்களுக்கு அது கல்யாண வீட்டையோ கட்சிக் கூட்டத்தையோ ஞாபகப்படுத்தலாம். எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடத் தோன்றும். போன மாதம் என் மகள் யாழினிக்குக் கல்லூரி பார்க்கச் செஞ்சிக்குப் போயிருந்தேன். நான் படித்த அதே கல்லூரி. வாசலில் இரண்டு பேர் ஏணி போட்டு அட்மிஷன் பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். காற்று எங்கள் பக்கம் அடித்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்னாம்மா, உள்ள போலாமா வேணாமா?" என்றாள் யாழினி.

போனோம். போய்ப் பார்த்ததைக் கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இதை நான் எழுதவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பிழை பார்க்கிறார். நடுநடுவே "இதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று கேட்கிறார். அவர் கேட்டதையும் போன் எழுதிவிடுகிறது. எனக்கு எழுத்து வராது என்று சொல்ல முடியாது. வரும், நிற்காது. முறத்தில் கொட்டிய கடுகு மாதிரி, கொஞ்சம் சாய்த்தால் எல்லாம் ஒரு பக்கமாக ஓடிவிடும். வரியின் கடைசிக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் சொல் என்ன என்று மறந்திருக்கும். ஆனால் காதில் விழுந்தது மட்டும் போகவே போகாது. இப்போது திண்டிவனத்தில் ஒரு காஸ் ஏஜென்சியில் போன் எடுக்கிறேன். முழுக்கக் காது வேலை. "அலோ" என்ற ஒரு வார்த்தையில் ஆளைக் கண்டுபிடித்து, "இன்னாண்ணே, அதுக்குள்ள சிலிண்டர் தீந்துடுச்சா, வீட்ல விருந்தாளியா?" என்று கேட்டுவிடுவேன். மேனேஜருக்கு அதில் ஏக சந்தோஷம்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு மக்கு என்று பேர். வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் உடனே எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். ஒரு வகுப்பு முழுக்க, ஒரு பருவம் முழுக்கக்கூடக் கட்டியிருந்தது உண்டு. பிளஸ் டூவைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கத்திக் கத்தி மனப்பாடம் செய்ததைக் கேட்டே பாஸ் பண்ணினேன். கத்தியவர்களில் ஒருத்தி ஃபெயில்.

எங்கள் ஊர் தொண்டூர் பக்கம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குக் கொஞ்சம் நெல், மீதி நிலத்தில் மல்லாட்டை. வேர்க்கடலை என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். நைனா மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர். அதனால் நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலே அவருக்குப் பூரிப்பு. "பாப்பா படிக்குது, டிவி சவுண்ட கம்மி பண்ணு" என்று அம்மாவை அதட்டுவார். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு டிவியைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் அதட்டியதும் டிவியும் கேட்காது. அந்த வருத்தம் எனக்கு.

ரேஷன் கடையில் அரிசிச் சாக்கைப் பிரிக்கும்போது வருமே ஒரு புழுங்கல் வாசனை, தூசியும் சணலும் கலந்து. அதை முகர்ந்தால் எனக்குக் கல்லூரி ஞாபகம்தான் வரும். பைத்தியமா என்று கேட்காதீர்கள். எங்கள் கல்லூரி ராஜகிரி மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற சின்னக் கல்லூரி. ஜன்னலைத் திறந்தால் பாறைதான். பங்குனி மாதத்தில் பொழுது இறங்கின பிறகும் அந்தப் பாறைகளிலிருந்து அனல் வந்துகொண்டிருக்கும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. ஒரு காலத்தில் ஹாஸ்டலுக்கு அரிசி அடுக்கிய ஸ்டோர். அரிசி போய் எத்தனையோ வருஷமாகியும் சாக்கு வாசனை மட்டும் சுவரில் ஊறியிருந்தது. அதன்மேல் இஞ்சி டீ வாசனை. அந்த இரண்டும் சேர்ந்ததுதான் எனக்குப் படிப்பு.

முதல் வருஷம் காமர்ஸ் வகுப்பில் சுசீலா மேடம் என்னைப் படிக்கச் சொன்னார். வழக்கம்போலத் தொண்டை கட்டியது. அடுத்த வாரமும் கட்டியது. வகுப்பு முடிந்து வெளியே வரும்போது மேடம் என் பக்கத்தில் வந்து, "தொண்டைக்கு இஞ்சி டீ நல்லதும்மா, வா" என்று அந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கல்லூரியில் கக்கூஸுக்குக்கூடப் பலகை உண்டு. அந்த அறைக்கு இல்லை. ஏன் இல்லையென்று ஒரு நாள் கேட்டதற்கு மேடம் சொன்னார்: "போர்டு வெச்சா, நீங்க உள்ள வர்றதுக்கு முன்னாடி வெளிய நாலு பேரு அதப் படிப்பான். அப்புறம் உங்களயும் படிப்பான். வேணாம்."

அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம். டீக்குக் காசு கிடையாது. ஆனால் டீ குடித்தவர், கையில் இருக்கிற பாடத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் டம்ளரைக் கழுவ வேண்டும். படிக்க முடியாதவர் படிக்க வேண்டாம், கேட்டதைத் திருப்பிச் சொன்னால் போதும். சொல்லவும் பிடிக்கவில்லையென்றால் அடுப்பைப் பார்த்துக்கொள்ளலாம். போன் சார்ஜ் போட வருகிறவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், அசைன்மென்ட் காப்பியடிக்க வருகிறவர்கள் என்று கூட்டம் எப்போதும் இருக்கும். அந்தக் கூட்டத்தில் எழுத்து நிற்காத நாங்கள் எட்டுப் பேர் யார், சும்மா டீ குடிக்க வந்தவர்கள் யார் என்று வெளியிலிருந்து வந்த ஒருவராலும் சொல்ல முடியாது. மேடத்தின் சாமர்த்தியம் அதுதான். பரீட்சைக்கு மட்டும் எங்களுக்குத் தனி ஹால். நாங்கள் சொல்லச் சொல்ல ஜூனியர் ஒருத்தர் எழுதுவார். அதற்கும், தனி ஹாலில் பெஞ்சு நன்றாக இருக்கும் என்று யாரோ பொறாமைப்பட்டார்களே தவிர வேறெதுவும் நினைக்கவில்லை.

எங்களுக்குப் படித்துக் காட்டுகிறவர்களுக்கு ரீடர் என்று பேர். அதில் மோகனா என்று ஒருத்தி. செய்தி வாசிப்பவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பாள். முன்னுரை, பதிப்பகத்தின் முகவரி, அச்சகத்தின் பெயர், புத்தக விலை, ஒன்றையும் விடமாட்டாள். இன்றைக்கும் என்னால் அந்தக் காஸ்ட் அக்கவுன்டிங் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை ஒப்பிக்க முடியும், அச்சகத்தோடு சேர்த்து.

அந்த எட்டுப் பேரில் கெட்டிக்காரன் தரணேந்திரன். செஞ்சிக் கடைவீதியில் நெல் மண்டி வைத்திருந்த நயினார், அதாவது சமணர் வீட்டுப் பையன். நாங்கள் தரணி என்போம். கணக்கில் புலி. மோகனா கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவான். "இருடா, கேள்வியே இன்னும் முடியல" என்று அவள் கத்துவாள். "முடிச்சாலும் அதான்" என்பான். அவர்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும், இருட்டின பிறகு யாரும் வாயில் எதையும் வைக்கக் கூடாது. அவனுக்காகவே கல்லூரி மணி அடித்ததும் மேடம் படிப்பைத் தொடங்கிவிடுவார். வெயில் மஞ்சளாக மாறினதும் பாதிக் கணக்கில் எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுவான். மறுநாள் வந்து, விட்ட இடத்திலிருந்து சொல்வான்.

ஒரு நாள் அடுப்புப் பக்கம் நானும் அவனும் மட்டும் இருந்தோம். "உங்க வீட்ல தெரியுமா?" என்று கேட்டேன்.

"கடைக்கு லெட்டர் வந்தா வாங்கிப் பாக்கெட்ல போட்டுக்குவேன். அப்புறம் பாக்குறேன்பான்னு சொல்லிட்டு இங்க எடுத்தாந்துடுவேன். மோகனா படிச்சு சொல்லும்" என்று சிரித்தான். "உங்க நைனாக்கு?"

"அவருக்கு நான் படிக்கிறேன்னு ஒரே பெருமை. எப்படிச் சொல்றது?"

"டிகிரிய கையில வாங்கிட்டு சொல்லிடு. நானும் அன்னிக்குத்தான் சொல்லப் போறேன். பேப்பர கையில குடுத்துட்டு, இத என்னால படிக்க முடியாது, ஆனா இது என்னுதுன்னு சொல்லுவேன். அப்புறம் எவன் இன்னா சொன்னா இன்னா."

எனக்கு அது பிடித்திருந்தது. நானும் அப்படியே செய்வது என்று முடிவு செய்துகொண்டேன். நைனா முகம் எப்படிப் போகும், என்ன சொல்வார் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் கற்பனை செய்வேன். டிகிரியைக் கழனியில் கொடுப்பதா வீட்டில் கொடுப்பதா என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். கழனி என்றால் கையில் சேறு இருக்கும், வீடுதான் சரி.

கடைசி வருஷம் தை மாதம், மேடம் ஒரு சின்ன கேமராவை எடுத்துக்கொண்டு வந்தார். "நீங்க போய்டுவீங்க. எனக்கு ஞாபகத்துக்கு ஒண்ணு வேணும். என் பீரோவுல இருக்கும், வேற எங்கயும் போவாது" என்றார். நாங்கள் அலங்கோலமாக நின்றோம். தரணி கையில் டீக்கரண்டி. என் துப்பட்டாவில் கரி. மேடம் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுத் தாழ்த்தினார். "மோகனா, ரீடருங்கல்லாம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றார். மோகனாவும் மற்றவர்களும் அடுப்புப் பக்கம் ஒதுங்கினார்கள். அந்த அறையில் இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள் என்று ஒரு கோடு விழுந்தது அன்றுதான். எங்களுக்கு உறைக்கவில்லை. எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சமயத்தில் கல்லூரிக்குத் தரம் போட மேலிடத்திலிருந்து ஒரு கமிட்டி வரப்போகிறது என்று சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் கமிட்டி என்றால் நெல் விற்கிற கமிட்டிதான். "காலேஜ்ல எதுக்குமா கமிட்டி, அங்க இன்னா நெல்லா கொட்டி வெச்சிருக்குது?" என்று நைனா கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

மாசி அமாவாசை வந்தது. மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு மாசி அமாவாசை என்றால் செஞ்சி பஸ் ஸ்டாண்டு எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பஸ்ஸெல்லாம் ஸ்பெஷல் என்று போர்டு மாட்டிக்கொண்டு மலையனூருக்கே ஓடும். வேப்பிலை, எலுமிச்சம்பழம், கைக்குழந்தை, மொட்டைத் தலை, கால் வைக்க இடமிருக்காது. நைனா வருஷா வருஷம் போவார். அன்றைக்கு அவரும் நானும் ஒரே பஸ்ஸில் செஞ்சி வந்து இறங்கினோம். அவர் மலையனூர் பஸ் பிடிக்க, நான் கல்லூரிக்கு.

"ஏய்! பாப்பா! அங்க பாரு!" என்று கத்தினார்.

பஸ் ஸ்டாண்டு வாசலில், ஒரு பஸ் அகலத்துக்கு ஒரு பேனர். புத்தம் புதுசு. அதில் நாங்கள் எட்டுப் பேர், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. தரணியின் கையில் டீக்கரண்டி. என் துப்பட்டாவில் கரி. ஒவ்வொரு தலைக்கும் கீழே என்னமோ எழுதியிருந்தது. வெயிலில் அந்த வாசனை குப்பென்று வந்தது.

நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. பேனரில் ஆள் வந்தால் பெரிய ஆள் என்றுதானே நமக்கெல்லாம் அர்த்தம். "எம்பொண்ணு, எம்பொண்ணு" என்று போகிறவர் வருகிறவர் கையையெல்லாம் பிடித்து இழுத்துக் காட்டினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "படிமா, இன்னா போட்ருக்குது?" என்றார்.

நான் மேலே பார்த்தேன். பெரிய எழுத்து, சிவப்பு எழுத்து, மஞ்சள் எழுத்து. கூட்டம் இடித்தது. ஒன்றும் நிற்கவில்லை. முதல் சொல்லில் 'க' தெரிந்தது. "காலேஜ் பேரு நைனா" என்றேன்.

"அவ்ளோ எழுத்தும் காலேஜ் பேரா?" என்று சிரித்துவிட்டு, பக்கத்தில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்ற ஒருத்தரைக் கூப்பிட்டார். "தம்பி, நீ படி. சத்தமா படி."

அந்த ஆள் நல்ல மனசோடுதான் படித்தார். சத்தமாகவும் படித்தார். கற்றல் குறைபாடு உள்ள எங்கள் செல்வங்கள் என்றார். எழுத்து வராதவரையும் ஏற்றிவிடும் ஏணி எங்கள் கல்லூரி என்றார். பிறகு ஒவ்வொரு பேராக, ஊரோடு சேர்த்துப் படித்தார். என் பேர், எங்கள் ஊர் பேர். படித்து முடித்து, பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"கொறைபாடா?" என்றார் நைனா. "எம்பொண்ணுக்கு இன்னா கொற? கையி காலு நல்லாத்தான இருக்குது?"

"படிப்பு ஏறாதாம் பெருசு. அதான் போட்ருக்கான்" என்றார் அந்த ஆள், மெதுவாக.

நைனா என்னைப் பார்த்தார். மூன்று வருஷமாக நான் கற்பனை செய்து வைத்திருந்த முகம் இல்லை அது. மலையனூர் பஸ் வந்தது. "சரி, நீ காலேஜுக்குப் போ, டைம் ஆவுது" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

நான் கல்லூரிக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மேடம் அறையில் தனியாக இருந்தார். அடுப்பு பற்றவைக்கவில்லை.

"பீரோவுல இருக்கும்னு சொன்னீங்களே மேடம்" என்றேன்.

அவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை. "பிரின்சிபால் கேட்டாரும்மா. கமிட்டிக்கு ஏதாச்சும் காட்டணும். காட்டலன்னா இது ரூமே இல்ல, வெறும் ஸ்டோருன்னு எழுதிட்டுப் போய்டுவாங்க. அப்புறம் பூட்டிடுவாங்க. உங்களுக்கு அப்புறம் வர்ற புள்ளைங்க எங்க போவும்?"

"எங்கள கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

அந்தக் கேள்விதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. கொடுத்திருக்க மாட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கேட்காமல் எடுத்தார். ஞாபகத்துக்கு என்று சிரிக்கச் சொல்லி எடுத்தார். "பெருமையாத்தானம்மா போட்ருக்கு, அமாவாசை கூட்டம் அத்தன பேரும் பாக்குறாங்க" என்று வேறு சொன்னார். நான் டம்ளரை எடுத்துச் சுவரில் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. வகுப்புக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது நைனா வந்திருந்தார். என் நெற்றியில் மலையனூர் குங்குமத்தை வைத்தார். சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "நானுந்தான் படிக்கல. எனக்கு எவனாச்சும் போர்டு வெச்சானா?" என்றார். அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அதற்குப் பிறகு டிவி சவுண்டைக் குறைக்கச் சொல்வதை அவர் விட்டுவிட்டார். நானாகச் சொல்ல வேண்டியது அது. என் டிகிரியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்ல வைத்திருந்தது. அதை யாரோ முன்பின் தெரியாத ஒருத்தர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு, எனக்காகச் சத்தமாகப் படித்துவிட்டார்.

தரணி மறுநாளிலிருந்து வரவில்லை. பரீட்சை நெருங்கியும் வராததால் நானும் மோகனாவும் மண்டிக்குப் போனோம். அவன் உள்ளே மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். எங்களைக் கண்டு வெளியே வந்தான்.

"எக்ஸாம் மட்டும் வந்து எழுதிடு தரணி. நீ சொல்ல வேண்டியதுதான, எழுதறதுக்கு ஆளு இருக்குது" என்றாள் மோகனா.

"எங்க கட கணக்குப்பிள்ளை இன்னா கேட்டாரு தெரியுமா? தம்பி, இனிமே கல்லாவுல நான் ஒக்காரட்டுமான்னு கேட்டாரு. எங்கப்பா சரின்னுட்டாரு." அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நெல்லு போட வர்றவன்லாம் ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா கணக்கு கேக்கறான். நான் தப்பா சொல்லிட்டா? போர்டுல போட்ருக்குதே."

"நீ தப்பாவே சொன்னதில்லயேடா" என்றேன்.

"அது உங்களுக்குத் தெரியும்" என்றான்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவன் சாப்பிடப் போக வேண்டிய நேரம். நாங்கள் கிளம்பினோம். அவன் பரீட்சை எழுதவில்லை. அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்த காஸ்ட் அக்கவுன்டிங்கில்தான் எனக்கு எல்லாவற்றிலும் அதிக மார்க்.

அந்தப் பரீட்சைக்கு முன்பே கமிட்டி வந்தது, பாராட்டியது, போனது. அடுத்த வாரமே அந்த அறை வாசலில் ஆணியடித்து ஒரு பலகை மாட்டினார்கள். மேடம் சொன்னது அப்படியே பலித்தது. போன் சார்ஜ் போட வந்தவர்கள் முதலில் நின்றார்கள். "அங்க போனா நம்மளயும் அதுன்னு நெனச்சிக்குவாங்க" என்று ஒருத்தன் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். காசு இல்லாத டீக்குக்கூட ஆள் வரவில்லை. ரீடர்கள் இல்லாமல் நாங்கள் மட்டும் உட்கார்ந்து ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அதுவும் இல்லை. மோகனா மட்டும் பஸ் ஸ்டாண்டில், ஒரு மூலையில், எனக்காகக் குரலைத் தாழ்த்திப் படித்தாள். அச்சகத்தின் பேரை அவள் விட்டுவிட்டது அப்போதுதான்.

பேனரை அவிழ்த்து ரோட்டோரம் போட்டிருந்தார்கள். நைனா அதைச் சுருட்டி பஸ் மேல் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "இத இன்னாத்துக்கு நைனா எடுத்தாந்த?" என்று கத்தினேன். "அங்க கெடந்தா போறவன் வர்றவன்லாம் மூஞ்சி மேல மிதிப்பான்" என்றார். மல்லாட்டை மூட்டைகளுக்கு மேல் அதைப் போட்டு மூடினார், அச்சடித்த பக்கம் உள்ளே இருக்கும்படி. பல மழைக்காலம் தாங்கியது. பிறகு ஓரத்திலிருந்து பொடிப்பொடியாக உதிர்ந்து போயிற்று.

இவ்வளவும் நடந்த இடத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனாயா என்று கேட்பீர்கள். யாழினிக்கும் எழுத்து நிற்காது. எந்தக் கல்லூரியில் கேட்டாலும் வசதி இருக்கிறது என்கிறார்கள், என்ன வசதி என்றால் ஒரு படிவத்தை நீட்டுகிறார்கள். பலகை வருவதற்கு முந்தின அந்த அறை மாதிரி ஒன்றை அதற்குப் பிறகு நான் எங்கேயும் பார்க்கவில்லை. அந்த அறையைப் பற்றி, டீயைப் பற்றி, மோகனாவைப் பற்றி யாழினிக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லியிருக்கிறேன். பேனரைப் பற்றிச் சொன்னதில்லை. ஒருவேளை திரும்பவும் யாராவது அப்படி ஒரு அடுப்பைப் பற்றவைத்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை. நப்பாசைக்கு வெட்கம் ஏது.

போன மாதம் போய்ப் பார்த்தபோது அந்த அறை புதுக் கட்டடத்துக்கு மாறியிருந்தது. கண்ணாடிக் கதவு, மேலே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பொன்னிறப் பலகை. கதவு பூட்டியிருந்தது. ஒரு இளம்பெண் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து திறந்தாள். உள்ளே ஏசி, நாற்காலிகள், பிளாஸ்டிக் உறை கழற்றாத கம்ப்யூட்டர்கள். வாசனை என்று எதுவுமே இல்லை.

"ஸ்டூடன்ட்ஸ் இல்லீங்களா?" என்றேன்.

"யாரும் வர்றதில்ல மேடம். இன்ஸ்பெக்‌ஷன் டைம்ல தொறப்போம்" என்றாள். கள்ளமில்லாத பெண்.

எதிர்ச் சுவரில் ஒரு பெரிய படம், சட்டம் போட்டு. டீக்கரண்டி. துப்பட்டாவில் கரி. எட்டு வாய், எல்லாப் பல்லும்.

"இவங்கள்லாம் நம்ம பழைய ஸ்டூடன்ட்ஸ். எல்லாருமே நம்ம சப்போர்ட்ல டிகிரி முடிச்சவங்க" என்றாள் அந்தப் பெண், தரணி இருக்கிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டி. பக்கத்தில் நிற்கும் என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. யாழினிக்குத் தெரிந்துவிட்டது. "அம்மா..." என்று ஆரம்பித்தாள். நான் அவள் கையை அழுத்தினேன்.

சுசீலா மேடம் ரிட்டயராகி பாண்டிச்சேரியில் இருக்கிறார் என்று மோகனா சொல்கிறாள், முட்டிவலியாம். வயசான காலத்தில் போய் ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று வீட்டுக்காரர், இதோ இந்த வரியைத் திருத்தும்போதுகூடக் கேட்கிறார். நான் போகமாட்டேன். எனக்குப் படிப்பைக் கொடுத்தவர் அவர்தான், அதை நான் மறுக்கவில்லை. என்னையும் தரணியையும் பஸ் ஸ்டாண்டில் தொங்கவிட்டவரும் அவர்தான். ஒன்றுக்கு ஒன்று நேராகிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெளியே வந்ததும் யாழினி, "எனக்கு இந்த காலேஜ் வேணாம்மா" என்றாள். சரி என்றேன். வாசல் வரை வந்தவள் நின்று, "நீ சொல்லுவியே ஒரு ரூம், டீ போடுவீங்கன்னு. அது எங்க இருந்தது?" என்று கேட்டாள்.

தண்ணீர்த் தொட்டியை இடித்துவிட்டார்கள். அங்கே தகரக் கொட்டகை போட்டு டூவீலர்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பின்னால் பாறை மட்டும் அப்படியே இருந்தது. நான் போய் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். பெட்ரோல்.

"இங்கதான்" என்றேன்.

"இங்கன்னா? இந்த ஸ்கூட்டி நிக்குதே, இங்கயா? இல்ல அந்தக் கடைசி வண்டிகிட்டயா?"

கொஞ்ச தூரம் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தேன். கதவு எந்தப் பக்கம், அடுப்பு எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. அந்த இடத்துக்கு ஒரு அடையாளமும் வைக்காமல் பார்த்துக்கொண்டது நாங்கள்தானே.